மலைத் தோட்டத்தில் தொற்றுநோய் வந்தால்: லயத்து வாசலில் கேட்ட கேள்விகள்

2020-லும் 2021-லும் கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், எங்கள் வார்டு ஆர்ஆர்டி (விரைவு உதவி) குழுவில் தன்னார்வலராக இருந்தேன். வார்டு மெம்பர், ஆஷா பணியாளர் (வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர்), நர்ஸ், உள்ளூர்ப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்த குழு அது. எந்த லயத்துக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) போனாலும் அதே கேள்விகள்தான். இப்போதும் மலப்புரத்தில் நிபா வைரஸ் காய்ச்சல் என்று டிவியில் ஓடினால் அன்றைக்குச் சாயங்காலமே எனக்குப் போன் வந்துவிடும். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் வைத்திருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. சுகாதாரத் துறை எங்களுக்குச் சொல்லித் தந்ததையும், இந்த மலையில் அதை எப்படிச் செய்ய முடிந்தது என்பதையும்தான் சொல்கிறேன். எங்கள் இடத்திலிருந்து கோட்டயம் மெடிக்கல் காலேஜும் தேனி க.விலக்கு மெடிக்கல் காலேஜும் ஏறக்குறைய ஒரே தூரம். எந்தப் பக்கம் இறங்கினாலும் மலைப்பாதையில் இரண்டரை, மூன்று மணி நேரம். டவுனில் இருப்பவர் ராத்திரி மூச்சு முட்டிய பிறகு கிளம்பலாம். நாம் அன்று மத்தியானமே கிளம்பியாக வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதி இதை வைத்து வந்தவைதான்.

நமக்கு மழைக்காலம் பூரா காய்ச்சல்தானே? இது அந்தக் காய்ச்சல்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வீட்டில் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடிக்க முடியாது. டெங்கு, எலிக்காய்ச்சல், சாதாரண சளிக்காய்ச்சல், கொரோனா எல்லாமே முதல் இரண்டு நாள் ஒரே மாதிரிதான் இருக்கும். டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஒரே வாரத்தில் ஒரே லயத்தில் மூன்று நான்கு வீட்டில் காய்ச்சலா? காய்ச்சலோடு மூச்சு வாங்குகிறதா? ஆள் குழப்பமாகப் பேசுகிறாரா? வெளியூர்க் கல்யாணம், ஆஸ்பத்திரி என்று எங்காவது போய் வந்த பிறகு தொடங்கியதா? இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஷா அக்காவிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலும் லேசுப்பட்டது இல்லை. கால் புண்ணோடு சேற்றில், ஓடையில் வேலை செய்பவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறது. சீக்கிரம் போனால் நன்றாகக் கேட்கும்.

'பனி உண்டோ'ன்னு கேக்குறாங்க. என்ன பதில் சொல்றது?

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். இது தெரியாமல் நடந்ததை நேரிலேயே பார்த்தேன். கீழேயிருந்து புதிதாக வந்த நர்ஸ் ஒரு பாட்டியிடம் "பனி உண்டோ?" என்று கேட்டார். பாட்டி வெளியே கையைக் காட்டி, "ஆமா தாயி, விடியக்காலம் நல்ல பனி" என்றார். நர்ஸ் காய்ச்சல் என்று எழுதிக்கொண்டார். இன்னொரு வீட்டில் நிஜமாகவே காய்ச்சலில் கிடந்தவர், "இப்ப வெயில்தானே, பனி இல்ல" என்று சொல்லி விடுபட்டுப் போனார். இரண்டாவதுதான் ஆபத்து.

சில சொற்களை மனதில் வையுங்கள். சும என்றால் இருமல். ஸ்வாசம்முட்டல் என்றால் மூச்சுத்திணறல். சர்த்தி வாந்தி, வயறிளக்கம் வயிற்றுப்போக்கு, ஜலதோஷம் தடிமன், க்ஷீணம் அசதி. நிரீக்ஷணம் என்றால் உங்களைத் தனியாக இருக்கச் சொல்லிக் கவனிக்கிறார்கள் என்று அர்த்தம். போலீஸ் காவல் இல்லை. புரியவில்லை என்றால் தலையாட்டாதீர்கள், "தமிழில் சொல்லுங்க" என்று கேளுங்கள். பீர்மேடு, தேவிகுளம் தாலுகாக்களில் தமிழ் பேசுபவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறோம், அப்படிக் கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

வீடே ஒரு ரூமு ஒரு அடுப்படிதான். இதுல எங்கிட்டுத் தனியா இருக்கிறது?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இது. "காற்றோட்டமான தனி அறை, தனிக் கழிப்பறை" என்று நோட்டீஸில் அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டு ஒரு அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. லயத்து வீட்டில் ஆறு பேர், பொதுக் கக்கூஸ், பொதுக் குழாய். இங்கே ஆளைப் பிரிக்க முடியாது, வீட்டைத்தான் பிரிக்க முடியும்.

எங்களுக்குக் கைகொடுத்த வழி இது. அடுத்தடுத்த இரண்டு வீட்டிலும் நோய் உள்ளவர் இருந்தால், டெஸ்டில் அதே நோய் என்று உறுதியானவர்கள் எல்லாம் ஒரு வீட்டில், நல்லபடியாக இருப்பவர்கள் இன்னொரு வீட்டில். சந்தேகத்தில் இருப்பவரை உறுதியானவரோடு சேர்க்கக் கூடாது. அவருக்கு இல்லாத நோயும் வந்துவிடும். அதற்கும் வழி இல்லையென்றால் பூட்டிக் கிடக்கும் கிரஷ் (பிள்ளைக் காப்பகம்), பள்ளிக்கூடம், மஸ்டர் ஷெட் (வேலைக்குப் பேர் கொடுக்கும் கொட்டகை) எதையாவது திறந்து தரச் சொல்லி வார்டு மெம்பர் மூலமாகக் கேளுங்கள். கொரோனா சமயத்தில் கேரளத்தில் பல பஞ்சாயத்துகள் இப்படிப்பட்ட கட்டடங்களில் ஆட்களைத் தங்க வைத்துக் கவனித்தன. கம்பம் பள்ளத்தாக்கில் 1920-களில் பிளேக் வந்தபோது ஊரைக் காலி செய்துவிட்டுத் தோப்பில் குடிசை போட்டு இருந்தார்கள் என்று எங்கள் அம்மாச்சி சொல்வார். இடம் மாறி இருப்பது நம் ஆட்களுக்குப் புதிது இல்லை.

இது எதுவுமே முடியாத வீட்டில்: ஜன்னலும் வாசலும் திறந்திருக்கட்டும், குளிருக்குப் போர்வை கூடப் போடுங்கள். நோயாளி ஜன்னல் பக்கம், மற்றவர்கள் தலைமாடு எதிர்ப்பக்கம். கவனிக்க ஒரே ஆள், வயது குறைந்தவர், சர்க்கரையோ கர்ப்பமோ இல்லாதவர். இரண்டு பேரும் மாஸ்க் போட வேண்டும். பகலில் மழை இல்லாவிட்டால் நோயாளி வாசல் திண்ணையில் இருக்கலாம். பொதுக் கக்கூஸுக்கு அவர் கடைசியாகப் போய், தண்ணீர் ஊற்றி, தாழ்ப்பாளையும் குழாய்த் திருகையும் துடைத்துவிட்டு வரட்டும்.

பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடணும்? ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்றாங்க.

வாந்தி, பேதி, ரத்தம் பட்ட இடத்துக்கு 1 லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன், அதாவது 30 கிராம். கலக்கிப் பத்து நிமிடம் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து ஊற்றி, அரை மணி நேரம் கழித்துக் கழுவுங்கள். கதவு, தாழ்ப்பாள் துடைக்க அந்தத் தெளிவில் ஒரு கப்புக்கு ஒன்பது கப் தண்ணீர் சேருங்கள்.

கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு சேர்க்கவே கூடாது, நெஞ்சை அடைக்கும் விஷவாயு வரும். மனுஷர் மேல் தெளிப்பதும் கூடாது. கைக்குச் சோப்பே போதும்.

கொழுந்து எடுக்கும்போதும் மாஸ்க் போடணுமா? மூச்சு முட்டுது.

திறந்த வெளியில், ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நிற்கும்போது ஆபத்து ரொம்பக் குறைவு. ஏற்றத்தில் முதுகில் சுமையோடு போகும்போது மாஸ்க்கைக் கழற்றினால் தப்பில்லை.

ஆபத்து ஜீப்பில் இருக்கிறது. கம்பம், கூடலூர், போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு வருகிற ஜீப்பில் எத்தனை பேர் நெருக்கியடித்து வருகிறோம் என்று உங்களுக்கே தெரியும். மழைக்குத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டால் ஒருவர் விட்ட மூச்சைத்தான் எல்லாரும் இழுக்கிறோம். மாஸ்க் அங்கேதான் கட்டாயம். பின்பக்கத் தார்ப்பாயைப் பாதியாவது சுருட்டி விடுங்கள், நனைந்தாலும் பரவாயில்லை. அப்புறம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூட்டமாக நின்று பேசுவது, ஒரே டம்ளரில் டீ குடிப்பது, வெற்றிலை எச்சிலைக் கண்ட இடத்தில் துப்புவது. இந்த நாட்களில் இவற்றை விட வேண்டும்.

பெரியவங்க 'ஒண்ணுமில்ல'ன்னுதான் சொல்லுவாங்க. மூச்சு குறையுதுன்னு நாம எப்படித் தெரிஞ்சுக்கிறது?

கொரோனாவில் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியிருந்தாலும் சிலர் சாதாரணமாகப் பேசிக்கொண்டு, டீ குடித்துக்கொண்டு இருந்தார்கள். அதனால் அவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம், எண்ணிப் பாருங்கள்.

லயத்துக்கு ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால் போதும், வீட்டுக்கு வீடு தேவையில்லை. மாட்டுவதற்கு முன் கையை நன்றாகத் தேய்த்துச் சூடாக்குங்கள், குளிர்ந்த விரலில் எண் தப்பாக வரும். மருதாணி, நகப்பூச்சு, கொழுந்துக் கறை இல்லாத விரலாகப் பாருங்கள். கொழுந்து எடுப்பவர்களுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்திருக்கும், மோதிர விரலில் மாட்டலாம். கையை அசைக்காமல் ஒரு நிமிடம் விட்டு, எண் நிலைத்து நின்ற பிறகு எழுதுங்கள். 94-க்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரி. 90-க்குக் கீழே என்றால் உயிர் ஆபத்து. எண் சரியாக இருந்தாலும், ஆறு நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடக்க வைத்துப் பார்த்து மூன்று நான்கு இறங்கினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குபவரை நடக்க வைக்கக் கூடாது.

மீட்டர் இல்லையா? நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள், அவருக்குத் தெரியாமல். பெரியவருக்கு 24-ஐத் தாண்டினால் கிளம்ப வேண்டும், 30 என்றால் ரொம்ப மோசம். ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு 40, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, அதற்கும் சின்னதுக்கு 60. குழந்தையின் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், தூக்குங்கள்.

எப்பத்தான் கிளம்பறது? 108 வருமா, ஜீப்பு பாக்கணுமா?

முந்தைய பதிலில் சொன்ன எண்களில் ஒன்று சரியில்லாமல் இருந்தாலும் கிளம்புங்கள். அது தவிர நெஞ்சுவலி, உதடு நீலம் பாய்வது, தூக்கக் கலக்கமாகவே இருப்பது, பேச்சுக் குழறல், வலிப்பு, அரை நாளாக ஒன்றுக்குப் போகாதது, தண்ணீர்கூட வயிற்றில் நிற்காதது. இதில் எதையும் "விடியட்டும்" என்று தள்ளிப் போடாதீர்கள். அறுபது வயதுக்கு மேல், சர்க்கரை, இதயநோய், கர்ப்பம் என்றால் இவ்வளவு வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் மூன்றாவது நாளும் விடாவிட்டால் பகல் வெளிச்சத்தில் போய்க் காட்டிவிடுங்கள்.

108-க்குப் போன் செய்யுங்கள், இரண்டு மாநிலத்திலும் அதே எண், காசு கிடையாது. ஆனால் தோட்டத்துக்குள் கல் ரோட்டில் வண்டி வந்து சேர நேரமாகும். அதனால் கூப்பிட்ட கையோடு ஜீப்பில் ஏற்றி மெயின் ரோடு வரை இறக்குங்கள், ஆம்புலன்ஸ் டிரைவரிடம் எங்கே சந்திப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். எங்கள் குழு செய்ததில் அதிகம் நேரம் மிச்சமானது இதில்தான். ஜீப்பில் எல்லாப் பக்கமும் திறந்து, நோயாளியைச் சாய்த்து உட்கார வைத்து, கூட ஒரே ஒருவர். மூச்சு வாங்குபவரை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டாம். வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் முடிந்தால் குப்புறவோ ஒருக்களித்தோ படுக்கட்டும், ஆக்சிஜன் கொஞ்சம் ஏறும். கர்ப்பிணியைக் குப்புறப் படுக்க வைக்கக் கூடாது.

முதலில் எங்கே என்றால், பக்கத்தில் ஆக்சிஜன் இருக்கிற இடம். பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகிறேன் என்று மூன்று மணி நேரம் ஆக்சிஜன் இல்லாமல் ஓடாதீர்கள். பீர்மேடு தாலுகா ஆஸ்பத்திரி மாதிரி வழியில் உள்ள இடத்தில் நிறுத்தி, ஆக்சிஜன் வைத்து, கடிதம் வாங்கி, பிறகு இறங்குங்கள்.

தோட்டத்து டிஸ்பென்சரியையே பூட்டிட்டாங்க. இனி யாருக்கிட்டப் போறது?

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வைத்திய வசதி செய்து தருவது தோட்டத்தின் கடமையாக இருந்தது. 2000-ஐ ஒட்டித் தேயிலை விலை சரிந்து பீர்மேட்டில் தோட்டங்கள் மூடியபோது டிஸ்பென்சரிகளும் போயின. திரும்பக் கேட்க வேண்டும், சங்கத்தில் பேச வேண்டும். ஆனால் காய்ச்சல் அதுவரை காத்திருக்காது.

இன்றைக்கு இருப்பவை: ஆஷா பணியாளர், துணை சுகாதார நிலையத்து நர்ஸ், அதற்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையம். போனில் கேட்க கேரளத்தில் திசா உதவி எண் 1056, தமிழ்நாட்டில் 104. இஞ்சஞ்சீவனி என்று சிலர் சொல்வது ஈ-சஞ்சீவனி, போன் வழியாக அரசு டாக்டரிடமே காசில்லாமல் பேசலாம். பிள்ளைகள் யாராவது பதிந்து கொடுப்பார்கள்.

போன தடவை கொடுத்த மாத்திரை மிச்சம் இருக்கு. அதையே போட்டுக்கலாமா?

பாரசிட்டமால் மட்டும் போடலாம். பெரியவருக்கு 500 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், கல்லீரல் நோயோ குடிப்பழக்கமோ இருந்தால் கேட்டுவிட்டு. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு வரும் என்பதால் மற்ற வலி மாத்திரைகள், ஊசி எதுவும் காய்ச்சலுக்கு வேண்டாம். ஆன்டிபயாட்டிக் வைரஸைக் கொல்லாது.

ஸ்டீராய்டுதான் பெரிய பயம். டெக்சாமெத்தசோன் உயிரைக் காக்கும் என்று 2020 ஜூனில் தெரிய வந்தது உண்மைதான், ஆனால் ஆக்சிஜன் வைக்கும் நிலையில் உள்ளவர்களுக்கு மட்டும். சும்மா காய்ச்சலுக்குப் போட்டால் கெடுதல், சர்க்கரை எகிறும். 2021-இல் கறுப்புப் பூஞ்சை வந்தவர்களில் நிறையப் பேர் சர்க்கரை உள்ளவர்கள், ஸ்டீராய்டு எடுத்தவர்கள். உப்பு சர்க்கரைத் தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள்: 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி.

நிபான்னா பழமே திங்கக் கூடாதா? கொரோனா மாதிரி காத்துல பரவுமா?

பழம் தின்னலாம். நிபா பழந்தின்னி வவ்வாலிடமிருந்து வருகிறது. அதனால் கடித்த, கீறின, கீழே விழுந்து கிடக்கும் பழத்தைத் தொடாதீர்கள், பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். மற்றதைக் கழுவி, தோல் சீவித் தின்னுங்கள். திறந்த பானையில் இறக்கின கள் வேண்டாம். வவ்வாலைக் கல்லெறிந்து விரட்டவும் வேண்டாம், கலைந்தால் இன்னும் பரவலாகப் போகும்.

கொரோனா அளவுக்கு வேகமாகப் பரவாது, ஆனால் வந்தால் பத்தில் நாலு பேருக்கு மேல் இறந்துபோகிறார்கள். 2018 மே மாதம் கோழிக்கோடு, மலப்புரத்தில் 17 பேர் இறந்தார்கள். நோயாளியின் எச்சில், வாந்தி, சிறுநீரைத் தொட்டுப் பக்கத்திலிருந்து கவனித்தவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் அருகில் இருந்தவர்களுக்கும்தான் பெரும்பாலும் தொற்றியது. பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரி நர்ஸ் லினி அப்படித்தான் போனார், இரண்டு சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு. ஆகவே காய்ச்சலோடு பிதற்றல், வலிப்பு என்றால் வீட்டில் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்காமல் 1056-க்குச் சொல்லுங்கள். கூட இருந்தவர்களை 21 நாள் கவனிப்பார்கள். அதற்குத் தடுப்பூசி இன்னும் கைக்கு வரவில்லை.

வெளிய சொன்னா கூலி போயிடும், ஊரு ஒதுக்கி வைக்கும். சொல்லாம இருந்தா என்ன?

இந்தப் பயம் பொய் இல்லை. ஒரு வீட்டில் தாத்தாவுக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததும் குழாயடியில் அந்த வீட்டுச் சித்திக்கு வழிவிட்டு எல்லாரும் தள்ளி நின்றதைப் பார்த்தேன். கடைக்காரர் காசைக் கையில் வாங்கவில்லை. அதைப் பார்த்த இன்னொரு வீடு, தங்கள் பெரியவருக்குக் காய்ச்சல் வந்ததை ஐந்து நாள் மறைத்தது. ஆறாவது நாள் ராத்திரி எங்களைக் கூப்பிட்டார்கள். ஆக்சிமீட்டரில் 71. வண்டி குட்டிக்கானம் தாண்டும் முன்பே உயிர் போய்விட்டது. அந்த ஐந்து நாளில் அவர் வீட்டிலிருந்து நாலு பேர் ஜீப்பில் வேலைக்குப் போய் வந்தார்கள்.

எனவே ஊர்க்காரர்களிடம்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் தள்ளி வைத்தால் அவர்கள் மறைப்பார்கள், மறைத்தால் உங்கள் வீட்டுக்கு வரும். தண்ணீர் பிடித்துத் திண்ணையில் வையுங்கள், சாமான் வாங்கி வாசலில் வையுங்கள், ஜன்னலுக்கு வெளியே நின்று பேசுங்கள். கூலிக்கு, டாக்டர் சீட்டும் தனிமையில் இருக்கச் சொன்ன தேதியும் எழுத்தில் வாங்கி சங்கத்திடம் கொடுங்கள். சாப்பாட்டுக்குப் பஞ்சாயத்தைக் கேளுங்கள். 2020-இல் குடும்பஸ்ரீ (கேரள அரசின் மகளிர் குழு அமைப்பு) பெண்கள் நடத்திய சமூக அடுக்களையிலிருந்து தனிமையில் இருந்தவர்களுக்குச் சோறு வந்தது.

ரேஷன் கார்டு தேனியில இருக்கு, ஆளு இங்க இருக்கோம். சேர்த்துப்பாங்களா? பார்டரை மூடிட்டா?

அவசரத்துக்கு அரசு ஆஸ்பத்திரி கார்டு கேட்டுத் திருப்பி அனுப்ப முடியாது. அவசர சிகிச்சை மறுப்பது வாழும் உரிமைக்கு எதிரானது என்று 1996-இல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. கார்டைப் பொறுத்தது காப்பீட்டுத் திட்டங்கள்தான், அதை அப்புறம் பார்க்கலாம்.

எல்லை வேறு கதை. 2020 மார்ச் கடைசியில் கர்நாடகம் தலப்பாடி வழியை அடைத்தபோது, மங்களூரு ஆஸ்பத்திரிகளையே நம்பியிருந்த காசர்கோட்டு நோயாளிகள் வழியிலேயே இறந்தார்கள். கேரள உயர் நீதிமன்றம் நோயாளிகளுக்கு வழிவிடச் சொல்ல வேண்டியிருந்தது. குமுளியிலும் கம்பமெட்டிலும் போடிமெட்டிலும் நாமும் பாஸ் கேட்டு நின்றவர்கள்தான். ஆகவே நோய் பரவத் தொடங்கினால் எல்லைக்கு இந்தப் பக்கமே ஒரு ஆஸ்பத்திரியை முடிவு செய்து வையுங்கள். அந்தப் பக்கம்தான் போக வேண்டும் என்றால் டாக்டரின் ரெஃபரல் கடிதமும், சேர்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரியின் பெயரும் கையில் இருக்கட்டும். டயாலிசிஸ், புற்றுநோய் சிகிச்சை உள்ளவர்களும் நிறைமாதக் கர்ப்பிணிகளும் எல்லை மூடும் பேச்சு வந்ததுமே இடம் மாறிவிடுவது நல்லது.

செத்துட்டா முகத்தைக்கூடப் பாக்க விடமாட்டாங்களாமே?

கொரோனாவில் விட்டார்கள். 2020 மார்ச்சில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலிலேயே பையின் முகப்பகுதியைத் திறந்து காட்டலாம், தொடாமல் சடங்கு செய்யலாம், சாம்பலை எடுக்கலாம் என்று இருந்தது. பல இடங்களில் பயத்தில் மறுத்தார்கள். கேட்டு வாங்குங்கள். குளிப்பாட்டுவது, கட்டிப்பிடிப்பது, முத்தமிடுவது மட்டும் கூடாது. நிபாவில் இதை இன்னும் கண்டிப்பாகப் பிடிப்பார்கள், அது சரிதான்.

ஒருவரைத் தொடாமல் அனுப்புவது எவ்வளவு கொடுமை என்று தெரியும். எங்கள் லயத்தில் ஒரு மகள் அம்மாவின் புடவையைத் தள்ளி நின்று பையின் மேல் போர்த்தச் சொன்னாள். கவச உடை போட்ட பையன் அதை நன்றாக மடிப்பு எடுத்து, கசங்காமல் போர்த்தினான்.

நோய் இல்லாத இப்ப என்ன செஞ்சு வைக்கலாம்?

லயத்துக்கு ஒரு ஆக்சிமீட்டர், இரண்டு செட் பேட்டரி. ஓஆர்எஸ் பாக்கெட், சோப்பு, தேதி போகாத பிளீச்சிங் பவுடர், திறந்து மாதங்கள் ஆனால் வேகம் போய்விடும். ராத்திரி கிளம்பச் சம்மதிக்கும் இரண்டு ஜீப் டிரைவர்களின் எண், டீசலுக்குப் பொதுவில் கொஞ்சம் பணம். சர்க்கரை, பிரஷர், கர்ப்பம் உள்ளவர்களின் பெயரும் மாத்திரைச் சீட்டும் ஒரு நோட்டில். ஆஷா, நர்ஸ், மெம்பர் எண்கள் சுவரில் பெயிண்டில், ஏனென்றால் தாள் மழையில் போய்விடும். அதற்குக் கீழே, கரண்ட் போனாலும் எந்தப் பாறை மேல் ஏறினால் போனுக்கு டவர் கிடைக்கும் என்பதையும் எழுதிவிடுங்கள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். விருந்துக்கு வந்த மாமாவுக்கு நடுராத்திரியில் தெரியாது.